வேறு வேறு நாளில் எழுதியது

எங்கள் கன்டெய்னர் யார்டில் சர்வர் நின்றுபோனால் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் நாற்காலியில் இருப்பேன். திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட அலுவலகம். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் சீல் எண்ணையும் கணினியில் ஏற்றுவது என் வேலை. பெட்டி வெளியே போகும்போது மறுபடியும் அதே எண்கள். சர்வர் நின்றால் கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டும், ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்துவார்கள், எனக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கத்தை நீட்டினால்கூட நான் வாசலுக்கு வந்து நிற்கிற ஆள்.

அப்படி ஒருநாள் சர்வர் நின்றிருந்தபோது, வெள்ளைப் புடவையில் பட்ட துருக்கறையை எப்படி எடுப்பது என்று இணையத்தில் தேடினேன். வழி கிடைக்கவில்லை. துருப்பிடித்த கேட்டுகளை மட்டும் படமெடுத்து அடுக்கிவைத்திருந்த யாரோ ஒருவரின் பக்கம் வந்து நின்றது. எந்த நாடு என்றுகூடத் தெரியவில்லை. விளம்பரம் இல்லை, லைக் பொத்தான் இல்லை, விற்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் கீழே ஒரு வரி. ‘இதில் துரு கீல் பக்கமிருந்து தொடங்கியிருக்கிறது.’ ‘இந்த வீட்டுக்காரர் என்னை விரட்டினார்.’ இதற்காக ஒருவர் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு வலைத்தளம் கட்டியிருக்கிறார். பக்கத்தின் அடியில் ‘எனக்குப் பிடித்த மற்றவர்கள்’ என்று ஏழு சுட்டிகள். சர்வர் திரும்பி வருவதற்குள் மூன்றைத் திறந்துவிட்டேன்.

ஒன்று இன்னொன்றுக்குக் கூட்டிப்போனது. தன் ஊர் அரசுக் கட்டடங்களின் படிக்கட்டுகளுக்கு மதிப்பெண் போடும் ஒரு மனிதர். அவருக்கு முழங்கால் வலி என்பது பதினெட்டாவது படிக்கட்டில்தான் நமக்குத் தெரியவரும். தெருமுனையிலுள்ள ஒரே தபால்பெட்டியைத் தினமும் காலையில் படமெடுக்கும் இன்னொருவர். பாதி வருடம் அந்தப் பெட்டி பனிக்குள் புதைந்து கிடக்கும், அவர் அந்த வெள்ளை மேட்டையும் படமெடுத்துப் போட்டுவிடுவார். தான் கண்ட கனவுகளில் லிஃப்ட் வந்தவற்றை மட்டும் எழுதும் ஒரு பெண். இவர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் போய் எட்டிப்பார்த்தேன்.

பார்த்ததை யாரிடமாவது காட்டாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதலில் கேட் மேற்பார்வையாளரிடம் தபால்பெட்டியைக் காட்டினேன். “இதுக்கு இன்னா யூஸு?” என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார். வீட்டில் கணவரிடம் காட்டினேன். அவர் தண்டையார்பேட்டை ரயில்வே யார்டில் வேலை செய்பவர், நிதானமான மனிதர். பத்துப் படம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது. அந்த ஊர்ல தபால்காரரு எப்டிமே வருவாரு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரமே ஒரு மெயில் எழுதினேன். ஆறு பேருக்கு: கணவர், துபாயில் இருக்கும் என் அத்தை மகள், கோயில் பாடகர் குழுவில் இரண்டு பேர், பழைய அலுவலகத்துத் தோழிகள் இரண்டு பேர். மூன்று சுட்டிகள், ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பத்தி. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும். அந்த ஆறு பேர் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். தெரியாத ஊர்களிலிருந்து ‘என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மெயில் வரத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் முந்நூறு பேரை நெருங்கிவிட்டது. ராயபுரத்தில் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து, சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து நான் தட்டுவதை முந்நூறு பேர் காத்திருந்து படிக்கிறார்கள் என்ற நினைப்பே என்னை விரட்டியது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று நல்ல பக்கம் கிடைக்காவிட்டால் வியாழக்கிழமை யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். கண்டுபிடிப்பது சந்தோஷமாக இருந்த காலம் எப்போது முடிந்து, கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற காலம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் காற்றைப் பற்றிய பக்கம் கண்ணில் பட்டது.

தமிழ் எழுத்துருக்கள் செய்கிற ஒருவர், தமிழில் தனியாட்கள் நடத்தும் பக்கங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் கடைசிச் சுட்டி. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, மேலே ‘இன்றைக்குக் காற்று’ என்ற தலைப்பு. படம் கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது. நாளுக்கு இரண்டு வரி, மூன்று வரி.

‘காலையில் தெற்குக் காற்று. துணி மாடியில் காயப்போட்டேன். பதினோரு மணிக்குத் திரும்பிவிட்டது. வெள்ளைச் சட்டையை மட்டும் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.’

‘அழுகிய முட்டைக்கோஸ் வாசனை. எங்கள் வீட்டுச் சாக்கடை என்று பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வந்தார். இரண்டு பேரும் மாடிக்குப் போய் நின்று முகர்ந்து பார்த்தோம். சமாதானம்.’

‘இன்று எந்த வாசனையும் இல்லை. பயமாக இருந்தது.’

நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளியே டிரெய்லர்கள் நின்றன. கதவைத் திறந்து வெளியே போய் நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். டீசல் வாசனைதான் வந்தது. அந்த முட்டைக்கோஸ் வாசனை எனக்கும் தெரியும். எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கும்போது அது திருவொற்றியூர் வரை வரும், நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அதை எழுதலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டு வருடத்துப் பதிவுகளை மூன்று நாளில் படித்தேன். படிக்கப் படிக்க எழுதுபவள் யார் என்று எனக்குள் ஓர் உருவம் கூடியது. ஒரு மாதத்தில், கரண்ட் போய் யாருடைய சாதிச் சான்றிதழோ மெஷினுக்குள் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தாள். அப்படியானால் ஜெராக்ஸ் கடை. வேறொரு மாதத்தில் ரயில்வே கேட் மூடினால் கடைக்குள் கூட்டம் வருகிறது என்று எழுதியிருந்தாள். எப்போதோ ஒருமுறை கத்திவாக்கம் என்ற பெயர் வந்தது. கணவர் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குள் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் என்பது சட்டைகளைப் பற்றிய பதிவுகளில் இருந்தது. எந்த நாள் சட்டையில் என்ன நிறத் தூசி என்று குறித்திருந்தாள். அவருடைய இருமலையும் எழுதியிருந்தாள். ‘இன்று நாலு தடவை.’ ‘இன்று எண்ணவில்லை.’

அந்த வெள்ளிக்கிழமை மெயிலில் மூன்று சுட்டி போடவில்லை. இது ஒன்றுதான். பத்தியை ஐந்து முறை திருத்தி எழுதினேன். நம் ஊர்ப் பக்கம்தான் என்று தொடங்கி, கத்திவாக்கத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண், கணவர் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, அவர் சட்டையிலிருந்தும் இருமலிலிருந்தும் இவர் காற்றைப் படிக்கிறார் என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பத்தி என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு, அடுப்பில் சாதம் கொதிப்பதைக்கூடக் கவனிக்காமல் பதில் மெயில்களுக்காகக் காத்திருந்தேன்.

பதில்கள் வந்தன. இதுவரை வராத அளவு வந்தன. சனிக்கிழமை யாரோ என் பத்தியைப் படமெடுத்து ஒரு குழுவில் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை என் கேட் மேற்பார்வையாளரே தன் போனை நீட்டி, “மேடம், இது நீங்க எய்துனதா? எங்க ஏரியா குரூப்ல சுத்திக்கினு கீது” என்றார். எனக்குக் காது சூடாகும் அளவுக்குப் பெருமை. புதன்கிழமை, வீடியோ சேனல் நடத்தும் ஒருவர் அந்தப் பதிவுகளைப் பயங்கரமான இசையோடு வாசித்து வெளியிட்டார். தொழிற்சாலை எது என்று கீழே எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: ‘அங்கே ரயில்வே கேட் பக்கம் எத்தனை ஜெராக்ஸ் கடை இருந்துவிடப்போகிறது?’

அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உடனே காற்றுப் பக்கத்தைத் திறந்தேன். பதிவுகள் எல்லாம் போயிருந்தன. ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று ஒரே வரி. மறுநாள் அந்த வரியும் இல்லை.

அடுத்த நாலு நாளும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பெட்டி எண்களைத் தப்பாக ஏற்றி இரண்டு டிரெய்லர்களைத் திருப்பி வரவழைத்தேன். பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன். மணிக்கு ஒருமுறை அந்த முகவரியைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மெயில் போகவில்லை. ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டு வந்தவற்றுக்கும் பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் பின்பக்கம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார்.

“இன்னாமே, நாலு நாளா வூட்டுக்குள்ளயே பஸ்ஸு வுட்டுக்கினு கீற? குந்து.”

உட்காராமலே சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பொண்ண ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதவங்களப் பத்தி கடை எங்க கீது, புருசன் எங்க வேலை செய்றாருன்னு வரைக்கும் எப்டி எய்துன?”

“அல்லாம் அவ எழுதுனதுதான்.”

அவர் ஒரு மீனை எடுத்துத் தண்ணீரில் அலசினார். பிறகு, “போயி பாக்குறியா?” என்றார்.

“பாத்து மன்னிப்பு கேக்கணும்.”

“கேட்டுட்டு வந்துரு. வெளக்கம் சொல்லிக்கினு நிக்காத.”

அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் யார்டிலிருந்து நேராக எண்ணூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் டிரெய்லர் நெரிசல். எர்ணாவூர் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. என்னிடம் இருந்த அடையாளம் நான் எழுதிய பத்தி மட்டும்தான். கத்திவாக்கத்தில் இறங்கினேன். ரயில்வே கேட் எங்கே என்று ஒருவரைக் கேட்டேன், கை காட்டினார். நடந்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு ஜெராக்ஸ் கடை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரே ஒருவரிடம்தான் வழி கேட்டிருந்தேன். அங்கே நின்றபோது, எனக்கு முன்னால் யார் யார் இப்படி நடந்து வந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

கடைக் கண்ணாடியில் ‘அவசரம் என்றால் நேற்றே வந்திருக்கலாம்’ என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. அதை ஒட்டிய நாளைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். உள்ளே முப்பது வயதிருக்கும் ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தாள். கீபோர்டின்மேல் பிளாஸ்டிக் உறை. ஆன்லைன் விண்ணப்பத்துக்காக நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன்.

“எத்தினி காப்பி?”

“ரெண்டு.”

“ரெண்டு பக்கமும் வோணுமா?”

“வேணும்.”

அவள் மெஷினின் மூடியைத் தூக்கினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, “அந்த வெள்ளிக்கிழமை மெயில் அனுப்புறது நான்தாங்க” என்றேன்.

மெஷினுக்குள் வெளிச்சம் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது. அவள் தாளை எடுத்தாள், திருப்பி வைத்தாள், மறுபக்கமும் எடுத்தாள். பிரதிகளை என் முன்னால் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒக்காருங்க” என்றாள்.

ஓரமாக ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள், அதற்கடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒருவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோய், அவர் வீட்டுக்குப் போன் செய்து கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். கேட் மூடியது, ஒரு சரக்கு வண்டி போனது, கேட் திறந்தது. போய்விடலாம் என்று நான் இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் உட்கார்ந்தேன்.

கடை காலியானதும் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

“மனசுக்குள்ள ஒங்கள நல்லா திட்டி வச்சிக்கீறேன்க்கா. நேர்ல வருவீங்கன்னு நெனைக்கல.”

“மன்னிச்சிடுங்க” என்றேன். கணவர் சொன்னதையும் மீறி விளக்கம் வாய்வரை வந்துவிட்டது. “நல்லா இருந்துச்சேன்னுதான் போட்டேன். பொய்யா ஒண்ணும் எழுதல.”

“நீங்க எய்துனதுல பொய் ஒண்ணும் இல்ல. அல்லாம் நான் எய்துனதுதான். ஆனா நான் வேற வேற நாள்ல எய்துனேன்.”

கடையை ஒரு மாதத்தில், கேட்டை ஒரு மாதத்தில், ஊரை எப்போதோ ஒருநாள் என்று அவள் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். அவற்றைப் பொறுக்கி ஒரே பத்தியில் கூட்டிவைத்தது நான். அதைத்தான் நல்ல எழுத்து என்று நினைத்திருந்தேன்.

“ஒங்க வீட்டுக்காரருக்கு எதாவது…”

“கம்பெனிக்குள்ள போற பாஸை நிறுத்திட்டாங்க. கான்ட்ராக்டர் அவராண்ட போனை காட்டி, இது ஒன் பொண்டாட்டியா பாருன்னு கேட்டுக்கீறான். இவரு தெரியாதுன்னு சொல்லிக்கீறாரு. நெஜமாவே அவருக்குத் தெரியாது.”

“நீங்க எழுதுறது அவருக்கே தெரியாதா?”

“ஆருக்கும் தெரியாதுக்கா. தெரியாதுன்றதாலதான் எய்துனேன்.” மேசையின் ஓரத்தை விரலால் துடைத்து, விரலைப் பார்த்தாள். “அன்னிக்கு டீக்கடைல குந்திக்கினே ரெண்டு வருசத்தையும் படிச்சிட்டு வந்தாரு. வேலை போச்சேன்னு கோவப்படுவாருன்னு நெனைச்சேன். அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் இருமுனத நீ எண்ணிக்கினா இருந்தன்னு கேட்டாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் நாலு நாள் பேசல. இருமல் வந்தா வெளிய போயி இருமிட்டு வர்றாரு.”

நான் எங்கள் யார்டில் ஆள் எடுப்பார்கள், கேட்டுப்பார்க்கிறேன் என்றேன்.

“வோணாம்க்கா” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை. “எனக்கு ஒண்ணு செய்ங்க. நீங்க ஆருக்கெல்லாம் அனுப்புனீங்களோ அவங்களாண்ட எடுத்துடச் சொல்லி எய்துங்க. என்னப் பத்தி மறுபடி ஒண்ணும் எய்தாம எய்துங்க.”

ஜெராக்ஸுக்குக் காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டு சில்லறை கொடுத்தாள்.

மறுநாளே எழுதினேன். அந்த மெயில் மற்ற எதையும்விடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் ஒன்றுமே சொல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு நான் பகிர்ந்த ஒன்றைப் பகிர்ந்திருக்கக் கூடாது, யாரிடமாவது அதன் படமோ பிரதியோ இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினேன். பலர் அழித்துவிட்டோம் என்று பதில் போட்டார்கள். சிலர் வாதாடினார்கள். ‘பொதுவெளியில் எழுதியது எல்லோருக்கும்தானே’ என்றார் ஒருவர். ‘இந்தக் காற்றை நானும்தான் சுவாசிக்கிறேன், இதை மறைக்கச் சொல்வது யாருக்கு உதவும்?’ என்று மணலிப் பக்கம் சடையங்குப்பத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவருக்கு இரண்டு முறை பதில் எழுதி இரண்டையும் அழித்தேன். கடைசியில், நீங்கள் எழுதுங்கள், நான் படிக்கிறேன் என்று மட்டும் அனுப்பினேன். வீடியோக்காரருக்கு மூன்று மெயில் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: ‘அட்ரஸ் எதுவும் போடலையே மேடம்.’ அந்த வீடியோ இன்னும் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி கத்திவாக்கம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இந்த முறை ஜெராக்ஸ் எடுக்கும் சாக்குகூட இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்து, “பாஸ் வந்துடுச்சி” என்றாள். உள்ளே ஏதோ பெரிய பராமரிப்பு வேலை, ஆள் பற்றாமல் கான்ட்ராக்டரே கூப்பிட்டுவிட்டானாம். “நியாயம் கெடச்சிச்சின்னு நெனைச்சிக்காதீங்க. ஆள் பத்தல, அவ்ளோதான்.” கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாகவும் சொன்னாள். அவராகவே வருகிறேன் என்றாராம். “படிச்சிட்டாருல்ல. இனிமே இருமல் இல்லன்னு சொல்ல முடியாது.” அதைச் சொல்லும்போது முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். “எழுதுறீங்களா?”

“அத்த கேக்காதீங்க.”

கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. எங்காவது எழுதுகிறாளா, நோட்டில் எழுதுகிறாளா, ஒன்றுமே எழுதவில்லையா என்று எனக்குத் தெரியாது. காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில், இன்றைக்கு என்ன எழுதியிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை போவது பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு விண்ணப்பம், கோயில் ஆட்களின் விண்ணப்பம் என்று எதையாவது எடுத்துப்போவேன். அவள் வேலையை முடித்துக் கொடுப்பாள், டீ சொல்வாள். மூன்றாவது தடவையா நாலாவது தடவையா நினைவில்லை, கூட்டம் இல்லாத ஒரு மதியம், தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“இத்த பாத்துக்கீறீங்களா?”

யாரோ ஒருவர் பல வீடுகளின் குக்கர் விசிலைப் பதிவு செய்து வைத்திருந்த பக்கம். கட்டம் கட்டமாக நாற்பது பொத்தான்கள். ஒன்றைத் தொட்டால் ஒரு வீட்டு விசில். சிலது கீச்சென்று அலறியது, சிலது பெருமூச்சு விட்டது. ஒன்றில் விசிலுக்குப் பின்னால் யாரோ ‘மூணாச்சு, அணை’ என்று கத்துவது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி அழுத்தினோம். கேட் மூடியிருந்ததால் கடை வாசலில் ஒதுங்கிய ஒருவர் உள்ளே எட்டிப்பார்த்து, “இங்கயே சமையலா?” என்றார்.

“எப்டி கண்டுபிடிச்சீங்க?” என்றேன். எனக்கு உள்ளே பரபரவென்று ஆகிவிட்டது. இதைப் பற்றி எப்படித் தொடங்கலாம் என்று மனது பத்தி கட்ட ஆரம்பித்திருந்தது.

அவள் அதை என் முகத்திலேயே பார்த்துவிட்டாள். “போட்டுடாதீங்க. அவராண்ட கேட்டுட்டு போடுங்க.”

கேட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு, மகிழ்ச்சி, ஆனால் அந்த ‘மூணாச்சு’ குரல் இறந்துபோன தன் அக்காவுடையது, அதைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம் என்று பதில் வந்தது. இங்கே எழுதுவதற்கு அவரிடம் தனியாக மறுபடி கேட்டேன். சரி என்றார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடமும் கேட்டேன்; ஊரையும் கடையையும் மாற்றிப்போடச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். இப்போது யாருடைய பக்கத்தையும் கேட்காமல் போடுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மெயில் ஒழுங்காகப் போவதில்லை. சில வாரம் ஒரு சுட்டிதான் இருக்கும், சில வாரம் மெயிலே இருக்காது. பாதிப் பேர் பதில் போடுவதில்லை. சிலர் வேண்டாம் என்கிறார்கள். படிக்கட்டு மனிதர் சரி என்றார். ஆனால் ஊர்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னார். லிஃப்ட் கனவுப் பெண் மறுத்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. முந்நூறாக இருந்தவர்கள் இருநூறுக்கு வந்துவிட்டார்கள். ‘முன்னைப்போல இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான்.

என் பரபரப்பு குறைந்துவிட்டதா என்று கணவர் கேட்டார். இல்லை. முன்பு கண்டுபிடிப்பதற்காக அலைந்தேன், இப்போது பதிலுக்காக அலைகிறேன். போன வாரம் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். மழைநாளில் தன் தெருவில் தேங்கும் தண்ணீரின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, அது வற்ற வற்றக் கோடு கோடாகப் படமெடுக்கும் ஒருவர். மலைத்தொடருக்கு வரைபடம் போட்டதுபோல் இருக்கிறது. யாரிடமாவது காட்டாவிட்டால் தாங்காது. அவருக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். இந்தக் கடைசிப் பத்தியை எழுதும் நேரத்துக்குள் மெயிலை இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.